பம்பு எண்ணெயை எப்போது மாற்றுவது? வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ராணிப்பேட்டையில் தொடங்கி மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரத்தில், பம்பு இல்லாமல் ஒரு வாளித் தண்ணீர்கூட இடம் மாறுவதில்லை. ஊறல் தொட்டிக்கு நீர் வருவது பம்பால். டிரம்மிலிருந்து வடிந்த கழிவு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவது பம்பால். அங்கே கசடைத் தள்ளுவதும், ஆர்.ஓ. சவ்வுகளுக்கு அழுத்தம் கொடுப்பதும், மிஞ்சிய உப்பு நீரை ஆவியாக்கிக்கு ஏற்றுவதும் பம்புதான். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் பதிவு செய்தது. அந்த 35 லிட்டரும் வெளியேறும் முன் பல பம்புகளைக் கடந்தாக வேண்டும்.

இத்தனை பம்புகளின் பேரிங்குகளும் கியர்களும் தேயாமல் காப்பது உள்ளே இருக்கும் எண்ணெய். அதை எப்போது மாற்றுவது என்பதற்கு நடைமுறையில் இரண்டு பதில்கள் உண்டு. தேதி பார்த்து மாற்றுவது ஒன்று. சத்தம் வந்த பிறகு மாற்றுவது மற்றொன்று. மூன்றாவதாக, எண்ணெயின் மாதிரியைப் பரிசோதித்து அதன் நிலையறிந்து மாற்றும் முறை பெரிய மின் நிலையங்களிலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் ஊன்றிவிட்டது. சிறியதும் நடுத்தரமுமான தொழிற்கூடங்கள் நிறைந்த இந்த வட்டாரத்துக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் எண்ணெய் பிடிக்கும் சிறு பம்புக்கு மாற்றும் தேதியைக் குறிக்க ஆய்வகம் தேவையில்லை. நூற்றுக்கணக்கான லிட்டர் பிடிக்கும் தொட்டிகளுக்கு அது கட்டாயம் தேவை. இரண்டுக்கும் பொதுவாக, எண்ணெய்க்குள் தண்ணீர் எந்த வழியில் புகுகிறது என்று கண்டுபிடித்துக் கொடுப்பதே இந்த வட்டாரத்தில் பரிசோதனையின் முதல் பயன்.

பம்பு நின்றால்

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும், ஆபத்து வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கிய தீர்ப்பு அது. தோல் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற வேளாண் பல்கலைக்கழக வேலூர் ஆராய்ச்சி மையத்தின் கணக்கு அதில் இடம்பெற்றது. அதே வழக்கின் தொடர்ச்சியாக 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் ஒரு விரிவான தீர்ப்பு வந்தது. கால் நூற்றாண்டு தாண்டியும் பாலாற்றின் காயம் ஆறவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

வழக்கு நடந்த காலத்திலிருந்தே வட்டாரத்தின் இயந்திரங்கள் பெருகின. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் தோல் ஷாப்புகள் எனப்படும் பதனிடும் கூடங்கள் கூட்டாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. சொட்டு நீரும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை வந்தபின் உயர் அழுத்த ஆர்.ஓ. பம்புகளும் பலகட்ட ஆவியாக்கிகளும் சேர்ந்தன. நீரைச் சுத்தம் செய்யும் பொறுப்பு கூடக்கூட, ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய பேரிங்குகளின் எண்ணிக்கையும் கூடியது.

கழிவுநீர் சேரும் தொட்டியில் ஒரு பம்பு நின்றால் தோல் ஷாப்பு உடனே நிற்பதில்லை. டிரம்கள் சுழலும், கழிவு வந்துகொண்டே இருக்கும், தொட்டி நிரம்பும். ஸ்டாண்ட்பை பம்பும் கைகொடுக்காவிட்டால் வழிவது சாக்கடைக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும். அதனால் ஒரு பேரிங்கின் ஆயுள் இங்கே பராமரிப்புச் செலவுக் கணக்கோடு முடிவதில்லை.

எண்ணெய் எதனால் கெடுகிறது

எண்ணெய் தேய்வதில்லை. வெப்பம், தண்ணீர், தூசு என்ற மூன்றும்தான் அதைக் கெடுக்கின்றன.

வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயரும்போதும் கனிம எண்ணெயின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது தொழிலில் ஏற்றுக்கொள்ளப்பட்ட விதி. வேலூர்க் கோடையில் நிழலிலேயே 40 டிகிரி தாண்டும். ஜனவரியில் 55 டிகிரியில் ஓடிய பேரிங் ஹவுசிங் மே மாதத்தில் 70 டிகிரியைத் தொட்டால், அதே எண்ணெயின் ஆயுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று எழுதி ஒட்டிய அட்டவணை இந்த வேறுபாட்டை அறியாது.

தண்ணீர் இன்னும் கொடியது. எண்ணெயில் 100 பிபிஎம் தண்ணீர் இருக்கும்போது உருளை பேரிங்கின் ஆயுளை 1 என்று வைத்தால், 400 பிபிஎம்மில் அது 0.43 ஆகவும் 1,000 பிபிஎம்மில் 0.25 ஆகவும் குறையும் என்று 1977-இல் டிம்கன் நிறுவனத்தின் கேன்ட்லி வெளியிட்ட ஆய்வு காட்டியது. 1,000 பிபிஎம் என்பது ஒரு லிட்டர் எண்ணெயில் ஒரு மில்லிலிட்டர் தண்ணீர், இருபது சொட்டு. இருபது சொட்டில் பேரிங்கின் முக்கால் ஆயுள் போகிறது.

தோல் ஷாப்பிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் அந்த இருபது சொட்டு புக வழிகள் பல. தரையைக் குழாய் வைத்து அடித்துக் கழுவும்போது பம்பின் மேலும் தண்ணீர் விழுகிறது. கிளாண்டில் கயிறு தளர்ந்தால் கழிவுநீர் நேராக பேரிங் ஹவுசிங் மேல் பீறிடுகிறது. தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் ஆயில் சீல் சில ஆயிரம் மணி நேரத்தில் தேய்ந்து வழிவிடுகிறது. வெளியே யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டாலும், ஓடிச் சூடான ஹவுசிங் நின்று குளிரும்போது பிரீதர் வழியாக ஈரக் காற்றை உள்ளே இழுக்கிறது. சூடான எண்ணெயில் கரைந்திருந்த ஈரம் இரவில் குளிர்ந்ததும் பிரிந்து அடியில் தங்குகிறது. ஓடும் பம்பைவிட, வாரக்கணக்கில் சும்மா நிற்கும் ஸ்டாண்ட்பை பம்புக்குத்தான் இதனால் அதிகக் கேடு. ஆபத்து நேரத்தில் ஸ்விட்சைப் போட்டால், துருப்பிடித்த பேரிங்கோடு அது சுற்றத் தொடங்குகிறது.

மூன்று வழிகள், அவற்றின் வரலாறு

தேதி பார்த்து மாற்றும் முறை எளியது. புதிய பம்பில் முதல் சில நூறு மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு 2,000 முதல் 4,000 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது தயாரிப்பாளர்களின் கையேடுகளில் வழக்கமாகக் காணும் கணக்கு. இரவும் பகலும் ஓடும் பம்புக்கு 4,000 மணி நேரம் என்பது ஐந்தரை மாதம். இந்த முறையில் நல்ல எண்ணெயும் வெளியே போகும். நேற்று தண்ணீர் புகுந்த எண்ணெய் அடுத்த தேதிவரை உள்ளேயே இருக்கும். சத்தம் வரும்வரை காத்திருக்கும் முறையில் எண்ணெய்ச் செலவு குறைவு, பேரிங் செலவு அதிகம்.

பரிசோதனை முறை ரயில்வேயில் பிறந்தது. 1946-இல் அமெரிக்காவின் டென்வர் அண்டு ரியோ கிராண்டே வெஸ்டர்ன் ரயில்வே, டீசல் எஞ்சின் எண்ணெயை நிறமாலைக் கருவியில் வைத்து, அதிலிருந்த உலோகத்தின் அளவைக்கொண்டு எந்த பேரிங் தேய்கிறது என்று சொல்லத் தொடங்கியது. 1950-களில் அமெரிக்கக் கடற்படை அதை விமான எஞ்சின்களுக்குக் கொண்டுபோனது. 1966-இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் மசகையும் சரியாகக் கவனித்தால் அந்நாட்டுத் தொழில்துறை ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குக் காட்டியது. நம் நாட்டிலும் ரயில்வேயின் டீசல் ஷெட்டுகளில் எஞ்சின் எண்ணெயைச் சோதிக்கும் ஆய்வகம் பழைய நடைமுறை. இது நம் மண்ணுக்குப் புதிய வித்தை என்று யாரும் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெயும் லட்சக்கணக்கில் விலையும் கொண்ட எஞ்சின்களுக்காக வளர்ந்த முறை இது. அதை அப்படியே எடுத்துவந்து அரை லிட்டர் பம்பின் மேல் போட்டால் கணக்கு உதைக்கும்.

எதைச் சோதிக்கிறார்கள்

முதலில் பிசுக்குமை. 40 டிகிரியில் எண்ணெய் ஓடும் தடிப்பை அளப்பது இது. விஜி 68 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 68-க்கு 10 சதவீதம் மேலே கீழே இருக்கலாம். புது எண்ணெயின் அளவிலிருந்து 10 சதவீதம் நகர்ந்தால் எச்சரிக்கை, 20 சதவீதம் நகர்ந்தால் மாற்று என்பது பரவலான வரம்பு. கூடினால் எண்ணெய் ஆக்ஸிஜனேறித் தடித்திருக்கிறது அல்லது தடித்த எண்ணெய் கலந்திருக்கிறது. குறைந்தால், யாரோ கைக்குக் கிடைத்த வேறு டப்பாவிலிருந்து ஊற்றியிருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகிக்கலாம்.

அடுத்தது அமில எண். எண்ணெயில் சேர்ந்த அமிலத்தைக் காட்டுவது இது. இதில் தனி எண்ணைவிட ஏற்றமே முக்கியம். துத்தநாகச் சேர்க்கை உள்ள ஹைட்ராலிக் எண்ணெய் புதிதாக இருக்கும்போதே டர்பைன் வகை எண்ணெயைவிட அதிக அமில எண் காட்டும். புது எண்ணெயை ஒருமுறை சோதித்து எழுதி வைக்காதவருக்குப் பழைய எண்ணெயின் அறிக்கை பாதிதான் பயன்படும்.

மூன்றாவது தண்ணீர். கார்ல் ஃபிஷர் முறை பிபிஎம் கணக்கில் சொல்லிவிடும். நான்காவது தூய்மை. ஐஎஸ்ஓ 4406 என்ற அளவுகோலில் 18/16/13 என்று ஓர் அறிக்கை வந்தால், ஒரு மில்லிலிட்டரில் 4 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் 1,300 முதல் 2,500 வரை, 6 மைக்ரானுக்கு மேல் 320 முதல் 640 வரை, 14 மைக்ரானுக்கு மேல் 40 முதல் 80 வரை இருக்கின்றன என்று பொருள். எண் ஒன்று கூடினால் துகள் இரட்டிப்பு.

ஐந்தாவது உலோகங்கள். இரும்பு, செம்பு, வெள்ளீயம், குரோமியம், சிலிக்கான், சோடியம், கால்சியம் என்று ஒரு பட்டியலே வரும். இந்தக் கருவி சுமார் 5 முதல் 8 மைக்ரானுக்குட்பட்ட நுண்துகள்களையே சரியாகப் பார்க்கும். பேரிங்கிலிருந்து பெரிய செதில் பெயர்ந்தால் இது காட்டாமல் போகலாம். அதற்குக் காந்தத்தால் துகளைப் பிடித்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறை வேறு உண்டு. வடிகால் அடைப்பானில் ஒரு காந்தத்தைப் பொருத்தி, ஒவ்வொரு முறையும் துடைத்துப் பார்ப்பதும் அதே வேலையைப் பாதி செய்யும்.

இங்குள்ள எண்ணெயை வாசிப்பது எப்படி

பொதுவான கையேடுகளில் கிடைக்காத ஒரு வாசிப்பு இந்த வட்டாரத்துக்குத் தேவைப்படுகிறது. ஏனென்றால் இங்கே பம்பைச் சுற்றி இருப்பது வெறும் தண்ணீர் இல்லை. உப்பு, சுண்ணாம்பு, சல்ஃபைடு, குரோமிய உப்பு எல்லாம் கரைந்த நீர்.

சோடியத்தை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிராம் உப்பு கரைந்த கழிவுநீர் எண்ணெயில் 1,000 பிபிஎம் அளவு புகுந்தால், அதோடு சுமார் 15 பிபிஎம் உப்பும் உள்ளே வருகிறது. அதில் சோடியம் ஏறத்தாழ 6 பிபிஎம். பம்பு சூடாக ஓட ஓடத் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். கார்ல் ஃபிஷர் சோதனை சுத்தம் என்று சொல்லும். ஆனால் உப்பு எங்கும் போகாது. தண்ணீர் வந்து போனதை சோடியம் காட்டிக்கொடுக்கும். பிரீதர் வழியாக வந்த காற்றின் ஈரத்தில் சோடியம் கிடையாது. எனவே தண்ணீர் அதிகம், சோடியம் இல்லை என்றால் பிரீதரைப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறினால் கிளாண்டையும் ஆயில் சீலையும் பார்க்க வேண்டும். கால்சியமும் மக்னீசியமும் கூடவே ஏறினால், கழுவும் குழாயின் கடின நீரையும் சுண்ணாம்புக் கழிவையும் சந்தேகிக்கலாம். ஆனால் சில எண்ணெய்களில் கால்சியம் சேர்க்கைப் பொருளாகவே இருக்கும். புது எண்ணெயின் அறிக்கையோடு ஒப்பிடாமல் இதில் முடிவுக்கு வரக்கூடாது.

குரோமியத்தில் இன்னும் கவனம் வேண்டும். மற்ற தொழில்களில் எண்ணெயில் குரோமியம் வந்தால் ஏதோ உலோகம் தேய்கிறது என்று பொருள் கொள்வார்கள். வழக்கமான பேரிங் எஃகில் குரோமியம் சுமார் ஒன்றரை சதவீதம். இரும்பு 100 பிபிஎம் ஏறும்போது குரோமியம் ஒன்று இரண்டு ஏறினால் அது பேரிங்கின் தேய்மானம். குரோமியத்தோடு நிக்கலும் வந்தால் துருப்பிடிக்காத எஃகுத் தண்டையோ ஸ்லீவையோ பார்க்கலாம். இரும்பு அசையாமல், நிக்கல் இல்லாமல், குரோமியமும் சோடியமும் மட்டும் ஏறினால், குரோம் பதனிடும் நீரே உள்ளே வந்திருக்க வாய்ப்புண்டு. அறிக்கையில் சிவப்பு எழுத்தில் குரோமியம் என்று கண்டவுடன் பேரிங்கைக் கழற்றிப் போடுவது வீண் செலவு. மாற்ற வேண்டியது சீல்.

செம்பும் அப்படித்தான். சேகரிப்புத் தொட்டிகளிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, பித்தளை, வெண்கலப் பாகங்களைக் கறுக்க வைத்து அரிக்கும். ஆயில் ரிங்கும் பேரிங் கேஜும் பித்தளையாக இருக்கும் பம்பில், இரும்பு ஏறாமல் செம்பு மட்டும் ஏறினால் காற்றில் வரும் அந்த வாயுவையும் கணக்கில் எடுக்க வேண்டும். அத்தகைய இடத்தில் எண்ணெயை எத்தனை முறை மாற்றினாலும் பிரச்சினை தீராது. எஃகுக் கேஜ் உள்ள பேரிங்கும் மூடிய பிரீதரும் வைத்தால்தான் தீரும்.

செலவுக் கணக்கு

விலைகளை உத்தேசமாக வைத்து ஒரு கணக்குப் போடுவோம். எண்ணெய் லிட்டர் 250 ரூபாய், ஒரு முழுப் பரிசோதனை 2,000 ரூபாய் என்று கொள்வோம். ஒரு லிட்டர் பிடிக்கும் பம்பில் ஆண்டுக்கு இருமுறை எண்ணெய் மாற்றினால் 500 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்தால் 8,000 ரூபாய். போதாக்குறைக்கு ஆய்வகம் கேட்கும் 100 மில்லி மாதிரியை எடுத்தாலே பத்தில் ஒரு பங்கு எண்ணெய் போய்விடும். இங்கே பரிசோதித்து மாற்றுவதில் அர்த்தமே இல்லை.

அதே சமயம், 300 லிட்டர் பிடிக்கும் ஹைட்ராலிக் தொட்டியை எடுத்துக்கொண்டால் ஒருமுறை மாற்ற 75,000 ரூபாய். நான்கு பரிசோதனைக்கு 8,000. எண்ணெய் நன்றாக இருக்கிறது என்று உறுதிசெய்து, வடிகட்டி மட்டும் போட்டு, ஓராண்டில் மாற்றுவதை இரண்டாண்டுக்குத் தள்ளினால் ஆண்டுக்கு 37,500 மிச்சம். பரிசோதனைச் செலவு போகவும் கையில் நிற்கும்.

மாற்றிய எண்ணெய் எங்கே போகிறது என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பழைய எண்ணெய் அபாயகரக் கழிவு. பதிவு வைத்து, பொதுவாக 90 நாளுக்கு மேல் தேக்காமல், அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். நடைமுறையில் சென்ட்ரிங் பலகைக்குப் பூசவும், கதவு நிலைக்குக் கரையானுக்குத் தடவவும் அது கைமாறிப் போகிறது. சாக்கடையில் ஊற்றினால் கேடு இன்னும் பெரிது. நீர்நிலையில் விடும் கழிவுநீரில் எண்ணெய், கிரீஸ் சேர்ந்து லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது வரம்பு. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 870 கிராம். அந்த வரம்புக்குள் அது அடங்க 87,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். நல்ல எண்ணெயை வீணாக மாற்றாமல் இருப்பதும் ஒரு சுத்திகரிப்புத்தான்.

எந்த பம்புக்கு எந்த முறை

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் பம்புகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

இரண்டு லிட்டருக்குள் பிடிக்கும் சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்புகள் முதல் வகை. இவற்றுக்குத் தேதி முறையே சரி. வாரம் ஒருமுறை கண்ணால் பார்ப்பதையும் அதோடு சேர்க்க வேண்டும். ஆயில் லெவல் கிளாஸில் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும், தேதி வரும்வரை காத்திருக்கக் கூடாது. யாரும் எண்ணெய் ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் அது கழிவுநீரின் வரவு.

உயர் அழுத்த பிளஞ்சர் பம்புகளின் கிராங்க் கேஸ், காற்றூட்டிகளின் கியர் பெட்டி, புளோயர்கள், கசடு பம்புகளின் கியர் பகுதி இரண்டாம் வகை. ஐந்து முதல் ஐம்பது லிட்டர் வரை பிடிப்பவை. மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிசுக்குமை, தண்ணீர், உலோகம் மூன்றையும் பார்த்தால் போதும்.

மூன்றாம் வகை, பிளேட்டிங் பிரஸ், ஃபில்டர் பிரஸ் போன்றவற்றின் ஹைட்ராலிக் பம்புகள். மாற்றும் தேதியைப் பரிசோதனையே தீர்மானிக்க வேண்டிய இடம் இதுதான். தூய்மை எண் இங்கே முதலிடம் பெறும். பேரலில் வரும் புது எண்ணெய்கூடப் பல நேரம் ஹைட்ராலிக் பம்புக்கு வேண்டிய தூய்மையோடு இருப்பதில்லை. வடிகட்டிதான் ஊற்ற வேண்டும்.

தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் சப்மெர்சிபிள் பம்புகள் நான்காம் வகை. மோட்டாருக்கும் கழிவுநீருக்கும் நடுவே உள்ள எண்ணெய் அறை, கீழ் மெக்கானிக்கல் சீல் பழுதானதை முதலில் சொல்லும் இடம். அதில் தண்ணீர் கணிசமாகக் கலந்திருந்தால் எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு பம்பை இறக்கக் கூடாது. அடுத்துப் போவது மோட்டார்.

மாதிரி எடுக்கும் கை

எவ்வளவு நல்ல ஆய்வகத்தாலும் தவறாக எடுத்த மாதிரியைத் திருத்த முடியாது. பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதோ நிறுத்திய சில நிமிடங்களுக்குள்ளோ எண்ணெய் எடுக்க வேண்டும். ஆறிய பின் எடுத்தால் தண்ணீரும் துகளும் அடியில் படிந்துவிடும். வடிகால் திருகைத் திறந்து முதலில் வருவதைப் பிடித்தால் அடிக்கசடு முழுவதும் புட்டியில் விழும், அறிக்கை பயமுறுத்தும். எண்ணெயின் நடு மட்டத்திலிருந்து சுத்தமான பிளாஸ்டிக் குழாயும் கைப்பம்பும் வைத்து உறிஞ்சுவதே முறை. பழைய தண்ணீர் பாட்டிலில் அடைத்தால் மூடியில் ஒட்டிய ஈரமே நூறு பிபிஎம் காட்டும். புட்டியின் மேல் பம்பு எண், தேதி, எண்ணெயின் பெயர், மாற்றியதிலிருந்து ஓடிய மணி, இடையில் ஊற்றிய அளவு என்ற ஐந்தும் எழுதப்பட வேண்டும். கடைசி இரண்டும்தான் பெரும்பாலும் விடுபடுகின்றன. அவை இல்லாமல் 40 பிபிஎம் இரும்பு நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. 500 மணியில் 40 என்றால் கவலை. 4,000 மணியில் 40 என்றால் இயல்பு.

ஆய்வகத்துக்கு அனுப்பும் முன்பே ஒரு சோதனையை பம்பு அறையில் செய்துவிடலாம். ஹாட் பிளேட்டை 160 டிகிரிக்குச் சூடாக்கி, நன்றாகக் குலுக்கிய எண்ணெயில் ஒரு சொட்டை அதன் மேல் விட வேண்டும். ஈரக் கையோடு வடைச் சட்டியருகே போனவர்களுக்கு அடுத்து நடப்பது தெரியும். சொட்டு அமைதியாகப் பரவினால் கவலை இல்லை. குண்டூசித் தலையளவுக் குமிழிகள் தோன்றி உடனே மறைந்தால் 500 பிபிஎம்முக்கு மேல் தண்ணீர் இருக்கலாம். பெரிய குமிழிகள் எழுந்து சடசடத்தால் 2,000 தாண்டியிருக்கும். கண்ணாடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில், ஒற்றைச் சொட்டில் மட்டுமே செய்ய வேண்டும். கழிவுநீர் கலந்த எண்ணெயிலிருந்து கெட்ட வாயு எழ வாய்ப்புண்டு என்பதால் முகத்தை அருகே கொண்டுபோகக் கூடாது.

வடித்த எண்ணெயைச் சோதிப்பது

சிறு பம்புகளுக்கு ஆய்வகம் வேண்டாம் என்றேன். அதில் ஒரு விலக்கு உண்டு, இக்கட்டுரையின் மையமான பரிந்துரையும் அதுவே. ஒரே மாதிரி பம்புகள் இருபது இருந்தால், தேதிப்படி எண்ணெய் மாற்றும்போது அவற்றில் இரண்டு மூன்றின் பழைய எண்ணெயைக் கொட்டாமல் சோதனைக்கு அனுப்ப வேண்டும். எப்படியும் வெளியே போகிற எண்ணெய் என்பதால் மாதிரிக்காகப் பம்பில் ஒரு சொட்டும் குறையாது. பிசுக்குமையும் அமில எண்ணும் புது எண்ணெயை ஒட்டியிருந்து, தண்ணீரும் இல்லையென்றால், மாற்றும் இடைவெளி தேவைக்கு மேல் நெருக்கமாக இருக்கிறது. அந்தக் குடும்பத்து இருபது பம்புக்கும் ஆறு மாதத்தை எட்டாக நீட்டி, அடுத்த முறை மீண்டும் சோதிக்கலாம். அமில எண் எகிறியிருந்தால் கோடை மாதங்களுக்கு மட்டும் இடைவெளியைக் குறைக்கலாம். தண்ணீர் இருந்தால் இடைவெளியைத் தொடவே வேண்டாம்; சீலையும் பிரீதரையும் சரிசெய்ய வேண்டும். எண்ணெயை அடிக்கடி மாற்றித் தண்ணீரை வெல்லப் பார்ப்பது, கூரை ஒழுகலை அடைக்காமல் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும் வேலை.

எங்கே சோதிப்பது

ஆய்வகம் சென்னையில், மாதிரி போய் அறிக்கை வர நாளாகும், அதற்குள் பம்பு உட்கார்ந்துவிடும் என்பது நியாயமான ஆட்சேபம். உலோகப் பகுப்பாய்வுக் கருவி விலை உயர்ந்தது. அதற்கு வெளியே அனுப்புவதுதான் வழி. ஆனால் மற்றவற்றுக்கு இங்கேயே வழி இருக்கிறது.

ஒவ்வொரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலும் நீரைச் சோதிக்க ஓர் ஆய்வகமும் வேதியியல் படித்த ஒருவரும் இருக்கிறார்கள். பிஎச், சிஓடி, டிடிஎஸ், குளோரைடு என்று அன்றாடம் அளந்து பதிவேட்டில் எழுதுகிறார்கள். எண்ணெயின் அமில எண்ணை அறிவதும் ஒரு டைட்ரேஷன்தான். குளோரைடுக்கு பியூரெட் பிடிக்கும் அதே கை அதைச் செய்யும். பிசுக்குமைக்கு 40 டிகிரியில் நிற்கும் ஒரு நீர்த்தொட்டியும் கண்ணாடி விஸ்காமீட்டரும் போதும். வடிதாளில் எண்ணெயை வடித்து நுண்ணோக்கியில் பார்த்தால் துகளின் நிறமும் உருவமும் தெரியும். கார்ல் ஃபிஷர் கருவி ஒன்றை உறுப்பினர் தோல் ஷாப்புகள் சேர்ந்து வாங்கலாம். கழிவைக் கூட்டாகச் சுத்திகரிக்கச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இங்கே முப்பது ஆண்டாக நடக்கிறது. அதே ஏற்பாட்டில் எண்ணெயும் சேரட்டும். பெட்ரோலியப் பொருள்களைச் சோதிக்கும் முறைகளை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 1448 என்ற வரிசையில் ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கிறது.

ஆட்களைப் பற்றிய ஆட்சேபமும் உண்டு. ஃபிட்டர்கள் ஒப்பந்தத்தில் வருகிறார்கள், மாறிப் போகிறார்கள், யார் எப்போது என்ன ஊற்றினார் என்று தெரிவதில்லை. இதற்குப் பரிசோதனை மருந்தாகாது, ஒழுங்குதான் மருந்து. எண்ணெய் வகைகளைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து, அதே நிறத்தைப் பம்பின் மேலும் கேனின் மேலும் பூசிவிட்டால், படிக்கத் தெரியாத தொழிலாளியும் தவறாக ஊற்ற மாட்டார். வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைந்த இன்றைய பம்பு அறையில், தமிழில் எழுதிய அட்டையைவிட நிறம் நன்றாக வேலை செய்யும்.

தொடங்க விரும்புகிறவர் இந்த வரிசையில் போகலாம். பம்புகளைப் பட்டியலிட்டு நான்கு வகையாகப் பிரிப்பது முதல் வேலை. வாங்கும் ஒவ்வொரு எண்ணெயின் புது மாதிரியையும் ஒருமுறை முழுதாகச் சோதித்து வைப்பது இரண்டாவது. ஹைட்ராலிக் தொட்டிகளையும் கியர் பெட்டிகளையும் காலமுறையில் சோதிப்பது மூன்றாவது. சிறு பம்புகளின் வடித்த எண்ணெயைக் குடும்பத்துக்கு இரண்டு மூன்று என்று அனுப்பி இடைவெளியைத் திருத்துவது நான்காவது. இவை எல்லாவற்றிலும் முதலில் படிக்க வேண்டிய வரி தண்ணீரும் சோடியமும்.

ஓராண்டு இப்படிச் செய்தால் எண்ணெய்ச் செலவு குறையலாம், குறையாமலும் போகலாம். எந்தெந்த பம்பில் கழிவுநீர் உள்ளே போகிறது என்ற பட்டியல் நிச்சயம் கையில் இருக்கும். அந்தப் பட்டியலைக்கொண்டு சீல்களைச் சரிசெய்யும் நிலையத்தில் பேரிங்குகள் நிற்பது குறையும், சேகரிப்புத் தொட்டி வழிவதும் குறையும். பாலாற்றங்கரையில் தொழில் செய்யும் உரிமையைக் காத்துக்கொள்ள நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் உறுதிமொழிகளோடு, பம்பு அறையில் செய்ய வேண்டிய வேலையும் இருக்கிறது. அதைத் தொடங்க வேண்டிய கருவிகளில் பெரும்பகுதி நம் நீர் ஆய்வகங்களிலேயே இருக்கும்போது, தள்ளிப்போட நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.